கடலுக்குத் தலைமடை எது

என் மகளைக் கடலுக்கு அனுப்பாமல் இருப்பதற்காக அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் சின்னமனூரில் இருந்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் சமையல் மாஸ்டர். மகள் ஐந்தாம் வகுப்பு படித்தாள். ஒருநாள் மதியம் பள்ளிக்கூட மணி அடித்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கே ஓடி வந்தாள். திருச்செந்தூருக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்களாம். முதலில் கோயில், அப்புறம் கடல்.

"கடல்ல இறங்கிக் குளிக்கலாமாம்ப்பா. டீச்சர் சொன்னாக."

கூட்டம் வரும் நேரம். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடியே, "சரி, வீட்டுக்குப் போயிச் சாப்பிடு, வாறேன்" என்றேன். அவள் போன பிறகு அந்தச் சாம்பாரில் இரண்டாம் தரமும் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். அன்று சாப்பிட வந்தவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. நான் கவலைப்படுகிற ஆள். கடை அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து சாம்பலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவேன். மழை பெய்தால் வீட்டுச் சுவரைப் பற்றிக் கவலை, பெய்யாவிட்டால் கிணற்றைப் பற்றி. பிள்ளை பேசாமல் இருந்தால் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்ப்பேன். அதிகமாகப் பேசினாலும் தொட்டுப் பார்ப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்தக் குணத்தால்தான். வீட்டில் கஷ்டம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் கஷ்டத்திலும் படிக்க வைக்கத்தான் பார்த்தார்கள். வாத்தியார் கேள்வி கேட்டு எழுந்து நிற்கச் சொல்வார் அல்லவா, அப்படி நிற்பதற்குப் பயந்துதான் படிப்பை விட்டேன். பதில் தெரிந்த நாளிலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது யாரும் என்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டேன்.

தண்ணீர் எனக்குப் புதிது இல்லை. எங்கள் பள்ளத்தாக்கே தண்ணீரால் பிழைக்கிற இடம். ஆனால் எங்கள் தண்ணீருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மலைமேல், கேரளாப் பக்கம், தேக்கடியில் ஷட்டரைத் தூக்கினால் வரும், இறக்கினால் நிற்கும். திறப்பதற்கு முன்னால் ஊர் ஊராகத் தமுக்கு அடித்து, ஆற்றுப் பக்கம் போகாதீர்கள், மாடு கன்றைக் கட்டிப் போடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். வாய்க்காலில் மடையைத் திறந்து அடைக்க லஸ்கர் இருந்தார். தண்ணீர் வரவில்லையென்றால் அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடலாம். அதிகமாக வந்தாலும் சத்தம் போடலாம். இவ்வளவு ஏற்பாடு இருந்தும், தமுக்குச் சத்தம் கேட்ட நாளில் நான் மகளைத் தெருவில் விளையாடவே விடமாட்டேன். எங்கள் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பாதி ஊர் இருந்தது.

"திருச்செந்தூருக்கு வேண்டாம்" என்று வீட்டில் சொன்னேன்.

என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஏன் வேண்டாம்?"

"தண்ணி."

"குளத்துல தண்ணி, குடத்துல தண்ணி. இந்தச் சட்டியிலகூடத் தண்ணிதான் இருக்கு. தூக்கி வெளிய ஊத்திரவா?"

"நீ கடலைப் பாத்திருக்கியா?"

"நீங்க பாத்திருக்கீகளா?"

நானும் பார்த்ததில்லை. மகள் கதவோரமாக நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் வரைக்கும் பேர் கொடுக்கலாமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் டூரிங் கொட்டகையின் விளம்பர வண்டி எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி. தட்டியில் நீலமாகக் கடல், அதற்குள் கண்ணை உருட்டிக்கொண்டு சிரிக்கிற மீன்கள், எட்டுக் கையையும் விரித்த ஒரு பிராணி. "கடலுக்கடியில் நடக்கும் அதிசயம்! குழந்தை குட்டிகளுடன் வந்து கண்டு களியுங்கள்! முழுநீள வண்ணக் கார்ட்டூன் சித்திரம்!" என்று மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். மற்றவர்களுக்கு அது ஒரு பொம்மைப் படம். எனக்கு மட்டும் தெய்வம் வண்டி கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கடல் சின்னமனூருக்கே வருகிறது. நனையாமல் பார்க்கலாம்.

மகளை உட்கார வைத்துப் பேசினேன். "உனக்குக் கடலைப் பாக்கணும், அம்புட்டுத்தானே?"

"ஆமா."

"நான் காட்டுறேன். வெளிக்கடலை மட்டுமில்ல, உள்ள என்ன இருக்குன்னும் காட்டுறேன். திருச்செந்தூருக்குப் போற பிள்ளைக யாரும் உள்ள என்ன இருக்குன்னு பாக்கப் போறதில்ல."

அவள் யோசித்தாள். "படம் பாத்த பொறவும் கடலுக்குப் போகணும்னு இருந்துச்சுன்னா?"

"இருக்காது."

"இருந்துச்சுன்னா?"

"அப்ப பாக்கலாம்" என்றேன். பெரியவர்கள் எல்லாரும் சொல்கிற பதில்தான்.

எனக்கு மதியச் சாப்பாட்டோடு வேலை முடிந்துவிடும் என்பதால் முதல் ஆட்டத்துக்கே போனோம். நானும் வீட்டுக்காரியும் மகளும். கூடவே எங்கள் கடை டீ மாஸ்டரும் ஒட்டிக்கொண்டார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எந்தப் படமானாலும் பார்ப்பார், எந்தப் படத்திலும் வாயை மூடமாட்டார்.

கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு கட்டைச் சுவர். வீட்டுக்காரி அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்தாள். மகள் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். விழுந்துவிடுவாளோ என்று நான் இந்தப் பக்கம் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். படம் முடியும்வரை விடவில்லை.

படம் இங்கிலீஷ். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த நீலம் திரையில் விரிந்ததும் கொட்டகையே கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. ஒரு குட்டி மீன், காவி நிறம். பாறை இடுக்கில் வீடு. அடுத்த வீட்டில் எட்டுக் கைக்காரி; ஒரு கையால் வீடு கூட்டி, ஒரு கையால் பிள்ளைக்கு ஊட்டி, மிச்சக் கைகளால் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இவளை நம்ம கடைக்குக் கூட்டியாந்துருவம்" என்றார் டீ மாஸ்டர். "ஒரு கையில டீ ஆத்துவா, ஒரு கையில எலை எடுப்பா. ஓய், உமக்கும் எனக்கும் சீட்டுக் கிழிஞ்சுரும்."

"சும்மா இரும்யா."

"ஒரு கையில கல்லாவையும் பாத்துக்கிருவா. மொதலாளிக்கும் சீட்டுக் கிழிஞ்சுரும்."

சுற்றியிருந்தவர்கள் மீன்களுக்குத் தெரிந்த பேரையெல்லாம் வைத்தார்கள். நீளமாக இருந்ததெல்லாம் விலாங்கு, மீசை இருந்ததெல்லாம் கெளுத்தி, கூட்டமாகப் போனதெல்லாம் அயிரை. குடை மாதிரி சுருங்கி விரிந்து மிதந்த ஒன்றுக்கு மட்டும் யாராலும் பேர் சொல்ல முடியவில்லை. அது போகும்வரை கொட்டகை பேசாமல் இருந்தது.

எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. இதெல்லாம் யாரோ உட்கார்ந்து கையால் வரைந்தது என்று டீ மாஸ்டர் காதில் சொன்னார். ஒரு அலை எழும்பி விழுவதற்கே கட்டுக்கட்டாகப் படம் போடணுமாம். அப்படியென்றால் இந்தக் கடலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாரும் கை வைக்காமல் அசையவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. கடல் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

அப்புறம் அந்த நிம்மதியும் போயிற்று. படத்தில் திடீரென்று தண்ணீர் வடிய ஆரம்பித்தது. குட்டி மீன் பாறைக் குழி ஒன்றில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே, சுற்றியிருந்த கடல் பைய விலகிப் பின்னால் போயிற்று. பாறைகள் முதுகைக் காட்டின. குட்டி மீன் மட்டும் அந்தக் குழித் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. மேலே வெயில். அதற்கும் மேலே பறவைகள் வட்டம் போட்டன. எட்டுக் கைக்காரி அந்தப் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து கை நீட்டுகிறாள், எட்டவில்லை. அந்த இடத்தில் ரீல் முடிந்துவிட்டது.

அங்கே படம் ஓட்ட ஒரே மிஷின்தான். ஒரு ரீல் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை விளக்குப் போடுவார்கள். விளக்கு வந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று சொன்னார்:

"ஷட்டரை அடைச்சுப்புட்டான்யா!"

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கொட்டகை முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

"முறை முடியறதுக்கு முன்னாடியே அடைச்சிருப்பான். இல்லேன்னா இம்புட்டு வெரசா வடியாது."

"மேல எவனோ மடையைத் திருப்பிருக்கான்."

"கடைமடைக்காரன் கதி எங்கிட்டும் இதுதான்."

பிள்ளைகள் பக்கம் வேறு பேச்சு. வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினால் குழிகளில் தங்கிய மீனைக் கையாலேயே அள்ளுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருவிழா. "அந்தக் குழியில கையை விட்டா ஒரே அமுக்குத்தான்" என்றான் ஒரு பயல். "ஏலே, அது பாவம்லே" என்று இன்னொருவன் அவனை அடிக்கப் போனான்.

மகள் சுவர்மேலிருந்து குனிந்தாள். "அப்பா, யாருப்பா அடைச்சது?"

"மேல இருக்கவக அடைச்சிருப்பாக."

"மேலன்னா எங்கன?"

"தலைமடையில."

"கடலுக்குத் தலைமடை எங்கனப்பா இருக்கு?"

வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. நாக்கு போய் ஒட்டிக்கொண்டது. டீ மாஸ்டர்தான் காப்பாற்ற வந்தார். "இதென்ன கேள்வி, பாப்பா? நம்ம தண்ணிக்கு எங்கன இருக்கு? அதுக்கும் கேரளாவுலதான் இருக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது.

அடுத்த ரீலில் தண்ணீர் திரும்பி வந்தது. யாரும் எதையும் திறக்கவில்லை. ஒரு ஆள் தெரியவில்லை, ஒரு சக்கரம் சுற்றவில்லை. வானத்தில் பெரிய நிலா ஒன்று மட்டும் இருந்தது. இருட்டில் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் சத்தமில்லாமல் ஏறி, பாறையைத் தொட்டு, குழியை நிறைத்து, குட்டி மீனைத் தூக்கிக்கொண்டது. எட்டுக் கைக்காரி எட்டுக் கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஆண்கள் பக்கம் விசில். எல்லாரும் சந்தோஷமாக எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

நான் மட்டும் மணலைத் தட்டாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படித் தமுக்கு அடிக்காமல் ஏறுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் எப்படிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவது?

வீட்டுக்கு நடக்கும்போதே மகள் சொல்லிவிட்டாள். "அப்பா, எனக்குப் போகணும்னு இன்னும் இருக்கு. முந்தியவிட சாஸ்தியா இருக்கு."

"எதுக்கு ஆத்தா?"

"யாரு திறக்கிறாகன்னு பாக்கணும்."

வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆசையை அணைக்கப் போறேன்னு போனீக. இப்பக் கேள்வியையும் ஊத்தில்ல எரியவிட்டிருக்கீக."

அந்தக் கேள்வி எனக்குள்ளும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வெண்டைக்காய் நறுக்கும்போதும் அதே நினைப்பு. எங்கள் தண்ணீர் கெடுதல் செய்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. லஸ்கரைக் கேட்கலாம், ஆபீசரைக் கேட்கலாம், யாரும் கிடைக்காவிட்டால் கேரளாவைத் திட்டலாம். இத்தனை நாளும் நான் தண்ணீருக்குப் பயந்ததாக நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், திறந்து அடைக்கிற அந்த ஆள் ஒருநாள் மறந்துவிடுவானோ என்றுதான் பயந்திருக்கிறேன். கடலுக்கு அந்த ஆளே இல்லையென்றால் யாரை நினைத்துப் பயப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

பேர் கொடுக்கக் கடைசி நாளன்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சுற்றுலாவுக்குப் பொறுப்பெடுத்திருந்த டீச்சர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். வேலைக்காக எங்கள் ஊரில் வந்து இருந்தார். வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன். ஏழாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வகுப்பறைப் பக்கம் போவது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வந்து கேளுங்க."

"கடல்ல தண்ணி திறந்து விடும்போது, முன்னாடியே தமுக்கு அடிச்சுச் சொல்வாகளா?"

அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "கடலை யாருங்க திறக்கப் போறாங்க? தானா ஏறும், தானா வத்தும்."

"யாரைக் கேட்டு ஏறும்?"

"யாரையும் கேக்காது. நிலா இழுக்குது" என்று சொல்லிக் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார், பக்கத்தில் இன்னொரு வட்டம், நடுவில் கோடுகள். பிறகு அவரே பார்த்துவிட்டு, "இது சரியா வரல" என்று ஒரு வட்டத்தை அழித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றே ஒன்று விளங்கியது: லஸ்கர் கிடையாது.

"பிள்ளைகளை முழங்காலுக்கு மேல விடமாட்டோம்" என்றார். "நான் தவழ்ந்ததே கடல்கரையிலதான். பயப்படாதீங்க."

"பயப்படல டீச்சர். கவலை."

"ரெண்டும் வேறயா?"

"பயம்னா வந்து போயிரும்."

அவர் கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். "நீங்க சமையல் மாஸ்டர்தானே? போற வழியில சோறாக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். நீங்களே வாங்களேன். உங்க கவலையையும் பஸ்ல ஏத்திக்கிட்டு வாங்க, இடம் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். கூடவே போவதை நினைத்தேன். முதலாவதுதான் மோசமாகத் தெரிந்தது. மகள் பேரையும் என் பேரையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸின் தலைமேல் அண்டா, சட்டி, விறகு. வழியில் ஒரு புளியந்தோப்பில் கல் கூட்டி அடுப்பு வைத்துத் தக்காளிச் சோறு கிண்டினேன். மகள் அவள் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் இலைக்கு இலை பரிமாறிக்கொண்டு போனபோது, யாரோ சமையல்காரரைப் பார்ப்பதுபோல, "கொஞ்சம் போதும்" என்றாள். சரி, அவள் வயசில் அது நியாயம்தான்.

கோயிலைச் சுற்றிக்கொண்டு வரும்போது முதலில் சத்தம்தான் கேட்டது. மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு இரைச்சல். மதகு இரைச்சல் ஒரே சீராக இருக்கும். இது மூச்சு விட்டு மூச்சு விட்டு வந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன், கடலைப் பார்க்க அல்ல.

ஆற்றில் பிள்ளைகள் இறங்கினால் பெரியவர்கள் தண்ணீர் ஓடிப்போகிற கீழ்ப்பக்கம் போய் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். எவனுக்காவது கால் வழுக்கினால் தண்ணீரே கொண்டுவந்து நம் கையில் கொடுத்துவிடும். அதனால் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கீழ்ப்பக்கம் தேடினேன். தெற்கே பத்தடி தள்ளிப்போய்த் தண்ணீரில் இறங்கி, கையை விரித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பக்கவாட்டில் வரவேயில்லை. வடக்கே ஓடிப்போய் நின்றேன். அங்கும் இல்லை. மறுபடி தெற்கே வந்தேன்.

கரையில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டியளா? அங்கயும் இங்கயும் தேடுதியளே?"

"கீழ்ப்பக்கம் எதுன்னு பாக்குறேன்."

"கடலுக்கு ஏது கீழ்ப்பக்கம்? சுண்டல் வாங்குதியளா?"

அப்போது ஒரு அலை வந்து திரும்பியது. திரும்பும்போது என் பாதத்துக்கு அடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போயிற்று. எனக்குப் பிடிபட்டுவிட்டது. இழுப்பு உள்ளே போகிறது. கீழ்ப்பக்கம் அங்கேதான், கடலேதான் கீழ்ப்பக்கம்.

எனக்கு நீச்சல் தெரியாது. எப்படிப் போனேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளையெல்லாம் தாண்டி இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எந்தப் பிள்ளையை இழுத்தாலும் என்னைத் தாண்டித்தான் இழுக்க வேண்டும். அலை வருவது எனக்குத் தெரியாது. முதுகில் அடிக்கும்போதுதான் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தள்ளாடி, மறுபடி பின்னால் போய் அதே இடத்தில் நின்றேன். உப்பு கண்ணில் எரிந்தது. பிள்ளைகளின் தலைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கரையில் டீச்சர் வாயில் விசிலோடு நின்றார். என்னைப் பார்த்து ஏதோ கை காட்டினார். நன்றாக இருக்கிறது என்கிறாரா, வெளியே வா என்கிறாரா என்று புரியவில்லை.

என் மகள் முழங்கால் தண்ணீரில் எனக்கு நேர் எதிரே நின்றாள். மற்ற பிள்ளைகள் அலை வரும்போது கத்திக் குதித்தார்கள். அவள் குதிக்கவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

பக்கத்தில் நின்ற கூட்டாளி கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. "ஏடி, உங்கப்பா என்ன, வயக்காட்டுப் பொம்மை கணக்கா நிக்கிறாக?"

மகள் இரண்டடி என்னைப் பார்த்து வந்தாள். "வராத ஆத்தா, அங்கனயே நில்லு!"

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா."

"ஏன்?"

"கடல் தெரியல."

"இம்புட்டுப் பெரிய கடல் தெரியலையா?"

"நேரா பாத்தா நீங்கதான் தெரியிறீக."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கரும்பலகையை மறைக்கிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். என் முதுகில் ஒரு அலை வந்து மோதியது. நான் முன்னால் சாய்ந்தேன். அவள் கையை நீட்டினாள், விழுவது நான் என்பதுபோல.

அவள் இவ்வளவு தூரம் வந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். வீட்டில் மறித்தேன், கொட்டகைக்குக் கூட்டிப்போய் மறித்தேன், இப்போது கடலுக்குள்ளேயே இறங்கி மறித்துக்கொண்டு நிற்கிறேன். அது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது.

ஒரு அடி தள்ளினேன்.

"இன்னும்" என்றாள்.

இன்னொரு அடி வைத்தேன். விரித்த கையை மடக்கவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்தாள். மடக்கினேன். அப்புறம் எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேல்பக்கமும் இல்லாமல் கீழ்ப்பக்கமும் இல்லாமல் கடைசியில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பார்க்கிற பக்கம் நானும் திரும்பினேன்.

தூரத்தில் ஒரு கோடு மாதிரி எழும்பி, கிட்ட வர வர உயர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால்.

"ஆத்தா, வருது" என்றேன்.

"தெரியுதுப்பா. வரட்டும்."